ஒரே டிக்கில் நான் அழித்த பட்டியல்

புது வேலை கிடைத்ததற்காகச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். சொன்ன ஆறாம் நாள் அந்த வேலைக்கு நானே உலை வைத்தேன். அதனால் இந்த இரண்டாவது சாட்சியைக் கொஞ்சம் அடக்கமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பெங்களூர் ஜீவனஹள்ளியில் இருக்கிறோம். நடந்தது 2007-ல். அதற்கு முன் ஐந்து வருடம் கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட். முகம் தெரியாதவர்களின் திட்டையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு விடிந்த பிறகு வீடு வருவேன். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் படுப்பேன். என் கணவர் சேகர் வேன் ஓட்டியவர். ஒரு விபத்தில் கால் உடைந்து, கம்பி வைத்து, வீட்டோடு இருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. என் உடம்போ விட்டுப்போயிருந்தது. மூன்று வருடம் ஒரே ஜெபம்: ஆண்டவரே, ஒரு பகல் வேலை கொடும். வேறு எதையும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

கொடுத்தார். இன்டர்நெட்டில் பூங்கொத்தும் கேக்கும் விற்கும் சின்ன கம்பெனி. அஃபிலியேட் புரோகிராமுக்கு நான் மேனேஜர். பேர்தான் பெரிசு. மற்றவர்கள் நடத்தும் வெப்சைட்டுகளில் எங்கள் விளம்பரம் இருக்கும். அதை அழுத்தி வந்து யாராவது பூ வாங்கினால் அந்த வெப்சைட்காரருக்குக் கமிஷன். அப்படி முந்நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். புதியவர்களைச் சேர்ப்பது, இருப்பவர்களைக் கவனிப்பது, போலி ஆசாமிகளை நீக்குவது என் பொறுப்பு. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வோம் என்றார்கள். எல்லாம் மெயிலிலேயே முடிந்துவிடும், இனி ஆயுசுக்கும் யாருக்கும் போன் போட வேண்டாம் என்பதில்தான் எனக்கு அதிக சந்தோஷம்.

கால் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்தால் திரையில் இருக்கும், பேசி முடித்த பெயர்களை மொத்தமாக டிக் செய்து, டெலீட் கொடுத்துவிட்டுத்தான் எழ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஷிப்ட்காரர் சண்டைக்கு வருவார். ஐந்து வருடம் பழகிய கை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனது பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டது. கை அந்த முந்நூறு வெப்சைட்காரர்களின் மொத்தப் பட்டியலையும் டிக் செய்து டெலீட் கொடுத்தது. நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கும் ஆமாம் என்று அழுத்தியது. நான் பையை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. உங்களை நீக்கிவிட்டோம் என்று முந்நூறு பேருக்கும் தானாகவே மெயிலில் கடிதம் போயிருந்தது. மோசடிக்காரர்களுக்கு அனுப்புகிற கடிதம் அது. கோபமான பதில்கள் குவிந்திருந்தன. பலர் எங்கள் விளம்பரத்தையே எடுத்துவிட்டார்கள். என் பாஸ் மஞ்சுநாத் சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பட்டியலை மீட்டுவிடலாம், போன மனிதர்களை எப்படி மீட்பது என்று கேட்டார்.

"திங்கக்கெழம ஓனர் வர்றாரு மேடம். அதுக்குள்ள பாதிப் பேராவது திரும்பி வந்துட்டா நான் பேசிப் பாக்கறேன். இல்லன்னா என் கையில இல்ல."

எல்லாருக்கும் மன்னிப்பு மெயில் அனுப்பினேன். சாயங்காலம்வரை ஏழு பேர் பதில் போட்டார்கள். அதில் நாலு பேர் திட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு ஜெபக் கூட்டம். போன வாரம் எனக்காகக் கைதட்டிய அதே சகோதரிகள் நடுவில் உட்கார்ந்து அழுதேன். திரும்பவும் ராத்திரி ஷிப்ட்தானா என்று அவர்களிடம் புலம்பினேன். நான் செய்ததோ விவரம் கெட்ட ஜெபம்: ஆண்டவரே, அந்தக் கடிதத்தை யாரும் படிக்காமல் செய்யும். படித்துத் திட்டியும் ஆயிற்று என்பது எனக்கும் தெரியும். வேறென்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சோறு இறங்காமல், மறுபடியும் முழங்காலில் நின்றேன். சேகர் அதிகம் ஜெபிக்கிறவர் அல்ல. கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆண்டவர்கிட்ட இத்தன வாட்டி மன்னிப்பு கேக்கறியே ஸ்டெல்லா, அந்த ஆளுங்ககிட்ட வாயத் தொறந்து ஒரு வாட்டி கேட்டியா?"

மெயில் போட்டேனே என்றேன். மெயில்தானே அவர்களைத் துரத்தியது என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், ஜெபிக்கிறேன் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. அவருடைய கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

சனிக்கிழமை ஆபீஸில் பிரிண்ட் எடுத்த, பெயரும் நம்பரும் உள்ள பட்டியல் பையில் இருந்தது. செல்லுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டு மேலேயிருந்து தொடங்கினேன். முதல் மூன்று பேர் எடுக்கவில்லை. நாலாமவர் ஃப்ராடு என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்தாமவர் ஈரோட்டுக்காரர். வாழ்த்து அட்டை வெப்சைட் நடத்துகிறவர், எங்களுக்கு அதிகம் ஆர்டர் அனுப்புகிறவர். கால் சென்டர் பழக்கத்தையும் சொல்லி, தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

"ஏனுங்க, ரெண்டு வருசமா உங்க வெளம்பரத்தப் போட்டிருக்கறேன். உங்க கம்பெனியில இருந்து ஒரு மனுசக் கொரலு கேக்கறது இன்னைக்குத்தானுங்க."

அவர் அந்த மாதமே வேறு கம்பெனிக்கு மாறுவதாக இருந்தாராம். எங்கள் கடிதம் வந்ததும் தொல்லை விட்டது என்று இருந்தாராம். நான் லைனில் இருக்கும்போதே விளம்பரத்தைத் திரும்பப் போட்டார். தெரிந்த வெப்சைட்காரர்களுக்குத் தானே எழுதுவதாகவும் சொன்னார். போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு தொண்டை கட்டும்வரை மற்றவர்களுக்கும் போன் போட்டுப் பேசினேன்.

திங்கட்கிழமை ஓனர் வந்தபோது, நான் பேசியதிலும் ஈரோட்டுக்காரர் எழுதியதிலுமாகப் பாதிக்கும் மேல் திரும்பியிருந்தார்கள். அவரிடமும் ஒன்றையும் மறைக்கவில்லை. நன்றாகவே திட்டினார். கடைசியில், இனி வாரம் இரண்டு நாள் இவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பேசுங்கள் என்று உத்தரவு போட்டார். எதற்குப் பயந்து ஓடினேனோ அதுவே என் வேலையைக் காப்பாற்றியது. மூன்றாம் மாதம் நிரந்தரமானேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

களைப்பு இன்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் ஊர் தூங்கும் நேரத்தில் நானும் தூங்குகிறேன், பிள்ளைகளுக்குத் தலை பின்னி அனுப்புகிறேன். தப்பு செய்தால் முதலில் அந்த ஆளிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் முழங்கால் போடுகிறேன்.

சோர்ந்துபோயிருக்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். என்னைப் போல விவரம் கெட்டுக் கேட்டாலும் அவர் தள்ளிவிடுவதில்லை. ஆனால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். எனக்கு அவர் பதில் சொன்னபோது, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்றுதான் நான் சொன்னேன்.