பீங்கானுக்குள் மாப்பிள்ளை

என் கணவர் பேசுவதை எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் கேட்போம். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் ஒரு பெரிய தட்டில் சோறு வைத்து, அதைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவார்கள். சகன் சாப்பாடு என்று பெயர். என் கல்யாண வாழ்க்கையும் அப்படி ஒரு தட்டில்தான் நடந்தது. எனக்குக் கிடைத்தது ஓரத்துச் சோறு.

காயல்பட்டினத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து வெளியே அனுப்புகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து போவார். வெளியூர்க்காரிகள் இதைக் கேட்டால், "உங்களுக்கென்ன, மாமியார் தொல்லை இல்லை" என்று பெருமூச்சு விடுவார்கள். தொல்லை கொடுக்க மாமியார்தான் வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? எனக்கு என்னைப் பெற்ற உம்மா இருந்தாள். வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பெரிய வீட்டில் உம்மாவும், உம்மாவின் தங்கையான சாச்சியும், நானும். மாப்பிள்ளை வந்தார், சில வாரம் இருந்தார், சவூதிக்குப் போய்விட்டார். தம்மாமில் ஒரு குடோனில் கணக்கு வேலை. அதற்குப் பிறகு விடுப்புக்கு வருகிற நாள்களைத் தவிர, அவர் எனக்கு ஒரு குரல்தான்.

அந்தக் குரலும் எனக்கு மட்டுமானதாக இல்லாமல் போனதற்குக் காரணம் உம்மாவின் காது.

சாகுபுரத்து ஆலைச் சங்கு ஊதுவது உம்மாவுக்குக் கேட்காமல் போனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "இன்னைக்குச் சங்கு ஊதலயோ?" என்று அவள் கேட்டபோது ஊதி முடித்து வெகு நேரமாகியிருந்தது. தூத்துக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். காது மிஷின் எழுதிக்கொடுத்தார், வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் உம்மா அதைப் பெட்டியோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். "கல்யாண வீட்டுல நாலு பொம்பளைங்க பாத்தா என்ன நினைப்பாளுவ? செவிடின்னு பேர் வச்சிருவாளுவ." வெளியே இறங்கினால் முக்காடு, உள்ளே காது நிறைய நகை. இதில் அந்தப் பட்டாணி அளவு மிஷினை எவள் பார்க்கப்போகிறாள்? சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இரண்டு அர்த்தத்திலும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, உம்மாவுக்குக் காது நன்றாக இருந்தது. போனில்தான் சத்தம் பத்தவில்லை.

இப்படித்தான் என் போன் கூடத்துக்குக் குடிபோனது. மாப்பிள்ளை கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட வேண்டும். போனைக் காதில் வைத்து ஓரமாக ஒதுங்கினால், "என்னளா ரகசியம்? நாங்க கேக்கக் கூடாதா?" என்று உம்மா கேட்பாள். அதில் கோபம் கூட இருக்காது, நிஜமாகவே புரியாமல் கேட்பாள். மாப்பிள்ளை என்பவர் வீட்டுக்கே மாப்பிள்ளை. அவர் சலாம் சொன்னால் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். அவரும் மரியாதை தெரிந்த மனிதர். உம்மாவிடம் மூட்டுவலி விசாரிப்பார், சாச்சியிடம் என்ன சமையல் என்று கேட்பார், கடைசியில் என்னிடம், "வேற என்ன?" என்பார். நான் "ஒண்ணுமில்ல" என்பேன். வருஷக்கணக்காக என் கணவரிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

போனில் சத்தத்துக்கு எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று எனக்கு மனப்பாடம். மணி அடிப்பதற்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கும் வீடியோவுக்கும் ஒன்று, அலாரத்துக்கு ஒன்று. ஒன்றைக் கூட்டினால் மற்றது கூடாது. உம்மாவுக்காக எல்லாவற்றையும் உச்சியில் தள்ளி வைத்திருந்தேன். அப்படியும், "கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு, கூட்டு" என்பாள். சாச்சி பழைய பல் பிரஷ்ஷை எடுத்து ஸ்பீக்கர் ஓட்டைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று, வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பெரிய பீங்கான் கிண்ணத்துக்குள் போனை நிறுத்திவைத்தாள். சத்தம் உண்மையிலேயே திரண்டு வந்தது. அன்றிலிருந்து அந்தப் பீங்கான் கூடத்து நடுவில்தான். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்காருவோம். உள்ளே என் மாப்பிள்ளை.

அதுவும் போதாமல் சாச்சி வால்யூம் பூஸ்டர் என்று ஒரு ஆப்பைப் போனில் ஏற்றினாள். வட்டமாக ஒரு திருகு; விரலால் சுற்றினால் நூறைத் தாண்டி இருநூறு வரை போகும். காதுக்குக் கெடுதல் வரலாம் என்று ஆரம்பத்திலேயே ஓர் எச்சரிக்கை வரும். சாச்சி படித்துப் பார்க்காமல் சரி என்று அமுக்கினாள். யார் காதுக்குக் கெடுதல் என்று அதில் போட்டிருக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. என் கணவரோடு ஒரு தடவை, யாரும் கேட்காமல், மெதுவாகப் பேச வேண்டும். அவ்வளவுதான். விடுப்பில் வந்தபோது கூட அவர் எங்கள் அறையில் உரக்கத்தான் பேசினார், பழக்கமாகிவிட்டது. மெதுவாகப் பேசினால் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. சிரிக்கிற விஷயமில்லை.

அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியவந்த விதம்தான் மோசம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் அடுப்படியில் இறால் வாடா சுட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீடுகளுக்கு இடையில் பெண்கள் போக வர உள்வாசல் உண்டு. அது வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போனில் டிங் என்றது. அவர் வழக்கமாகக் கூப்பிடுவது வெள்ளிக்கிழமை. அன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். என் போனை வீட்டில் எல்லோரும் திறப்பார்கள் என்று அவரிடம் நான் சொன்னதில்லை. வெட்கம். வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டுப் போனைக் காதில் வைத்தால் காதுக்குள் மட்டும் கேட்கும், நான் அப்படித்தான் கேட்பேன் என்று அவர் நம்பியிருக்கிறார்.

சாச்சி திறந்தாள். அங்கே கூடத் தங்கியிருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று அவர் வாயை மூடிப் பேசியிருப்பார் போல. ஏதோ காற்று மாதிரி வந்தது.

"என்ன சொல்லுதாங்க? ஒண்ணும் விளங்கலயே" என்றாள் உம்மா.

"சத்தம் பத்தல. இருங்க" என்றாள் சாச்சி. திருகை இருநூறு வரை சுற்றினாள். முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"தனியா இருக்கும்போது கேளு, புள்ள" என்றது பீங்கான்.

ஒரு மனிதன் தனியாகக் கேள் என்று சொல்கிறான். அதைச் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இருநூறுக்குக் கூட்டி, கூடம் நிறையப் பெண்களை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். யாராவது ஒருத்தி அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் அடுப்பை விட்டு ஓடிவந்தேன். கையெல்லாம் மாவு. திரையைத் தட்டினேன், மாவுக் கைக்கு அது அசையவில்லை. பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினேன். ஒரு அமுக்குக்கு ஒரு கோடுதான் குறையும். அமுக்க அமுக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"உம்மாட்ட இப்பச் சொல்லாத. பேமிலி விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கேன், கெடச்சிரும் போல இருக்கு. நீ இங்க வந்துரு. உங்கிட்ட ஒரு வார்த்தையாவது மெல்லமாப் பேசணும் புள்ள."

கோடு அடியைத் தொட்டபோது அவர் பேசி முடித்திருந்தார். என் கணவரின் மெல்லிய குரலை நான் முதன்முதலாகக் கேட்டது இப்படித்தான், முடுக்குச் சந்து முழுவதும் கேட்க, அடுப்பில் வாடா கருகிக்கொண்டிருக்க. வந்திருந்த பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். உம்மாவுக்கு அன்று ஒரு வார்த்தை விடாமல் விளங்கிவிட்டது.

அவள் கத்தவில்லை. "என்னைய மையத்தாக்கி அடக்கிட்டு கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை; வாப்பா இல்லாத வீட்டில் மகளும் போய்விட்டால் என்ன மிச்சம்? ஆனால் அந்தப் பயத்துக்கு என் ஆயுசைத்தான் கொடுக்க வேண்டுமா? அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது. பீங்கானில் வைத்தார்கள்.

"என்ன மாப்பிள, புள்ளயக் கூட்டிட்டுப் போறியளாமே? நம்ம ஊர்ல அப்படி வழக்கம் உண்டா?" என்றார் மாமா.

அங்கே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. உம்மா, "கூட்டு, கூட்டு" என்றாள். சாச்சி திருகைப் பார்த்தாள். அது ஏற்கெனவே உச்சியில்தான் இருந்தது.

"சும்மா ஒரு யோசனதான் மாமா. உம்மா மனசு நோகும்னா வேண்டாம்" என்றார் அவர். உரக்கச் சொன்னார், எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும்படி.

"நான் போறேன்" என்றேன் நான். சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். தொண்டையில் பாதிதான் வெளியே வந்தது. "என்னளா சொல்லுத?" என்று சாச்சி திரும்பினாள். அதற்குள் மாமா துஆ ஓதத் தொடங்கிவிட்டார். என் சத்தத்தைக் கூட்டவும் ஒரு திருகு இருந்திருக்கலாம்.

விசா அப்படியே போயிற்று. அந்த வருஷ விடுப்புக்கு அவர் வரவில்லை. அடுத்த வருஷம் வந்தார், எல்லோருக்கும் சாமான் கொண்டுவந்தார், எங்கள் அறையில் தூங்கினார். நான் மெதுவாக ஏதாவது கேட்டால், "என்னது?" என்று உரக்கக் கேட்டார்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. உம்மா இப்போது காது மிஷின் போடுகிறாள். எனக்காக இல்லை. விசா விஷயம் ஊர் முழுக்கப் பரவிய பிறகு, கல்யாண வீடுகளில் தன்னைப் பார்த்துப் பெண்கள் என்ன குசுகுசுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பீரோவைத் திறந்தாள், மாட்டிக்கொண்டாள், முக்காட்டைப் போட்டாள். ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்குச் சாகுபுரத்துச் சங்கை எனக்கு முன்னால் அவள் கேட்கிறாள். "போன நீயே வச்சுக்களா, எனக்கு எதுக்கு?" என்று என் போனை என்னிடமே கொடுத்துவிட்டாள், ஏதோ தானம் பண்ணுவதுபோல.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடித்தபோது என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பூஸ்டரை எடுத்துப் போட்டிருந்தேன். காதில் வைத்தேன்.

"மச்சான், நான் மட்டும்தான் இருக்கேன். ஸ்பீக்கர் இல்ல. மெல்லமாப் பேசலாம்."

பதில் வரவில்லை. சத்தம் குறைவாக இருக்கிறதோ என்று பொத்தானை அமுக்கிக் கூட்டினேன். உச்சி வரை கூட்டினேன். அவர் அறையில் ஏசி ஓடுவது கேட்டது. அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"உம்மா இருக்காங்களா?" என்றார் கடைசியில். "ஸ்பீக்கர்ல போடு. எல்லாரும் கேக்கட்டும்."

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனேன். பீங்கான் அதன் இடத்தில்தான் இருந்தது. போனை உள்ளே வைத்தேன்.