ஐந்து கட்டையிலிருந்து ஆறரைக்கு

லண்டனில் மகளின் நீச்சல் வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. குளத்துக்கு அடுத்த பள்ளிக்கூடத்தின் ஜிம்மிலிருந்து திடீரென்று சுவர் அதிர ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். முப்பது பேர் வரிசையாக நின்றுகொண்டு பித்தளைக் கருவிகளை முகட்டைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு கூட்டம் முரசுகளை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் கொடிகளைச் சுழற்றினார்கள், ஒரு கொடி கூடைப்பந்து வளையத்தில் சிக்கியிருந்தது.

கணவரைப் போனில் கூப்பிட்டேன். "இஞ்ச கேளுங்கோ, வால்தம்ஸ்டோவில ஆரோ கலியாண வீடு மாதிரி ஊதுகினம்."

"அக்கா, தமிழா?" என்று பின்னால் ஒரு குரல்.

நாற்பது வயது மதிக்கலாம். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, ரயில் சிக்னல் பொறியாளராக இங்கேயே தங்கிவிட்டவர். பள்ளிக்கூட பேண்ட் வாத்தியத்திலேயே வளர்ந்ததாகச் சொன்னார். இந்த டிரம் கோரில் ஊதுகிறவர்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுக்கிறவர். டிரம் கோர் என்றால் முரசு, பித்தளை, கொடி மட்டும்தான், புல்லாங்குழல் வகையெல்லாம் கிடையாது என்று ஒரே மூச்சில் விளக்கிவிட்டு, "நீங்க ஏதாச்சும் வாசிப்பீங்களா?" என்றார்.

"இல்லைத் தம்பி. சின்ன வயதில ரெண்டு வருசம் பாட்டு வகுப்புக்குப் போனனான். அவ்வளவுதான்."

"அது போதும் லா" என்று மலேசிய வால் வைத்துச் சொன்னார்.

மூலையில் நின்ற மிகப் பெரிய கருவியைத் தூக்கி என் தோளில் வைத்தார். கைக்குழந்தையைத் தூக்கித் தந்த மாதிரி இல்லை. வளர்ந்த ஆளையே தூக்கித் தந்த மாதிரி இருந்தது. அந்த பேஸ் பியூகிளைத் தூக்க இரண்டு மாதமாக ஆள் இல்லையாம். ஊதினேன். மாடு கத்திய மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் கை தட்டினார். மகள் ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்று, "அம்மா, ப்ளீஸ், வேண்டாம்" என்றாள்.

ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. கணவர் தமிழ்க் கடைகளுக்குக் குளிரறை பொருத்திக் கொடுக்கும் தொழில் செய்கிறார், நான் அதற்கு போன் எடுக்கிறவள். நாள் முழுக்க, "ஓம் அண்ணை, இண்டைக்கே ஆள் வரும், மீனை ஐஸில போட்டு வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்க்கு ஊதுவது பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும் போனேன்.

மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அதனால் தாளில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ச, ரி, க, ம என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால் ச. அந்தக் கருவிகள் எல்லாம் 'ஜி' சுருதியில் செய்யப்பட்டவை. எங்கள் கணக்கில் ஐந்து கட்டை. பாட்டு வகுப்பில் நான் பாடியதும் ஐந்து கட்டைதான். கருவியின் ச-வும் என் தொண்டையின் ச-வும் ஒன்று என்று கண்டுபிடித்த நாளில், பஸ்ஸில் வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

ஒன்றரை வருடம் நன்றாகப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது, தம்பி எல்லோரையும் உட்காரச் சொன்னார். கருவிகளை மாற்ற வேண்டும். ஜி சுருதி போய், பி பிளாட் சுருதி வரவேண்டும்.

காரணங்களையும் சொன்னார். ஜி பியூகிளுக்கு இப்போது உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடங்களில் படிக்கிறவர்கள் எல்லோரும் பி பிளாட் ட்ரம்பெட்தான் படிக்கிறார்கள். ஆர்வத்தோடு வந்து, தங்கள் சொந்தக் கருவி இங்கே சேராது என்றதும் திரும்பிப் போய்விடுகிறார்கள். மூடப்போகும் ஒரு பேண்ட் தன் கருவிகளை எங்களுக்கே தர ஒப்புக்கொண்டிருக்கிறது.

நான் எழுந்து எதிர்த்துப் பேசினேன். ஆங்கிலத்தில் கோபம் சரியாக வராது, பாதியில் தமிழுக்குத் தாவிவிட்டேன். "தம்பி, அது ஆறரைக் கட்டை. என்ர குரல் அங்க ஏறாது."

"அக்கா, நீங்க ஊதத்தானே போறீங்க, பாடப் போறதில்லையே." மற்றவர்கள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவங்க கவலைப்பட்டாக்கூட நியாயம். நமக்கு என்ன லா? ச-வை எங்க வேணும்னாலும் வச்சிக்கலாம்னுதானே நம்ம பாட்டு வாத்தியாருங்க சொல்லிக் குடுத்தாங்க?"

அவர் சொன்னது சரி, அதுதான் இன்னும் எரிச்சல். முன்வரிசையில் வாசிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன். நாற்பது வருடமாக அதே பியூகிளை ஊதுகிறவர். அவர் தன் கருவியைத் தூக்கிக் காட்டினார். வால்வு ஸ்பிரிங் உடைந்து, அதன் இடத்தில் தபால்கட்டு ரப்பர் வளையம் கட்டியிருந்தார். "எனக்கு வாசிக்கத்தான் ஆசை, திருத்த இல்லை" என்று சொல்லிவிட்டு மாற்றத்துக்குக் கை உயர்த்தினார். எதிர்த்து உயர்ந்தவை என் கையோடு சேர்த்து நான்கு.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னேன். கணவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஜெர்மன் பாசையை விட்டுட்டு இங்கிலிசுக்கு மாறேக்க நீ இவ்வளவு கத்தேல்லையே" என்றார். இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை தம்பி போனில் கூப்பிட்டார்.

புதிய கருவிகள் வந்துவிட்டன, ஆனால் பெரிய பேஸ் மட்டும் வரவில்லை. பழுதுபார்க்கப் போயிருக்கிறது, கோடைத் திருவிழா ஊர்வலத்துக்கு முன் கிடைக்காது. "மத்தவங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. பழைய விரல்லயே ஊதினா சத்தம் தானா ஆறரைக்குப் போயிடும். நீங்க மட்டும் பழைய ஹார்ன்ல எல்லாத்தையும் ஏத்தி வாசிக்கணும். முடியுமா?"

"ஏலாது."

"சரிக்கா. அப்ப பேஸ் இல்லாமலே போறோம்."

பேஸ் இல்லாமல் போவதா? போனை வைத்து ஐந்து நிமிடம் கழித்து நானே திருப்பிக் கூப்பிட்டேன். "வாறன்" என்றேன்.

சிவப்புப் பேனாவை எடுத்துப் பென்சில் எழுத்தையெல்லாம் வெட்டினேன். பழைய கணக்கில் சின்ன 'க' இருந்த இடம் இனி ச. முன்பு வால்வைத் தொடாமலே வந்த ச, இப்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால்தான் வரும். வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டார் கவுன்சிலுக்கு எழுதிவிடுவார்கள். கணவரின் பட்டறையில், சோதித்துப் பார்ப்பதற்காகப் பொருத்திய குளிரறை ஒன்று இருந்தது. தடித்த சுவர், இறுக்கமான கதவு. குளிரை நிறுத்திவிட்டு, கதவை ஒரு விரல் இடைவெளி விட்டு, உள்ளே நின்று ஊதினேன். மனோர் பார்க்கிலிருந்து வந்த கடைக்கார அண்ணை ஒருவர், "மோட்டர் இவ்வளவு சத்தம் போட்டா எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அது மோட்டர் இல்லை, மனுசி என்று கணவர் விளக்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரத்தில் பாடமாகிவிட்டது. ஊர்வலத்தன்று நல்ல வெயில். சந்தைத் தெருவின் இரண்டு பக்கமும் சனம். முரசுகள் தொடங்கின. தம்பி கையை உயர்த்தினார். முப்பது கருவிகள் பளபளவென்று மேலே எழுந்தன. எனக்கு ஒரே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, விரலை எங்கும் வைக்காமல், பழைய ச-வை முழுப் பலத்தோடு ஊதினேன்.

எல்லோரும் ஆறரைக் கட்டையில் நிற்க, அடியில் நான் மட்டும் ஐந்தில். துள்ளலாகத் தொடங்க வேண்டிய பாட்டு, செத்த வீட்டுக்கு வந்தது மாதிரி ஆகிவிட்டது. பிழையாக ஒலிக்கவில்லை, அதுதான் வினோதம். சோகமாக ஒலித்தது. ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமி அப்படியே நிறுத்திவிட்டாள். தபால்காரர் ஊதியபடியே கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். நான்கு தாளம் கழித்துத்தான் விரல்கள் விழித்துக்கொண்டன. இரண்டு வால்வையும் அழுத்தினேன். என் சத்தம் மேலேறி மற்றவர்களோடு சேர்ந்த கணத்தில், மூடியிருந்த திரையை யாரோ இழுத்துத் திறந்த மாதிரி முழுத் தெருவும் வெளிச்சமானது. சனம் ஆரவாரம் செய்தது.

ஊர்வலம் முடிந்ததும் நேரே தம்பியிடம் போனேன். "என்ர பிழைதான். ஏசுறதெண்டா ஏசுங்கோ."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அக்கா, முதல் நோட்டையா விடுவீங்க? வேற எங்கயாச்சும் விட்டிருக்கக் கூடாதா?"

தபால்காரர் குறுக்கே வந்தார். "அந்த நோட்டை எடுத்துவிடாதே" என்றார் தம்பியிடம். "இத்தனை வருடமாக இந்தப் பாட்டை ஊதுகிறேன். நான் நன்றாக ஊதுகிறேனா என்று மட்டும்தான் எப்போதும் பார்ப்பேன். இன்றைக்குத்தான் பாட்டைக் கேட்டேன்."

"அது தப்பு நோட்டு சார்."

"எழுதிவிட்டால் சரியான நோட்டு."

இரண்டு பேரும் பழக்கடை வாசலில் நின்று பத்து நிமிடம் வாதாடினார்கள். நான் மாம்பழம் வாங்கினேன். திரும்பி வரும்போது தம்பி முழங்காலில் தாளை வைத்து முதல் வரியைத் திருத்திக்கொண்டிருந்தார். "நாலு தாளம் மட்டும்தான்" என்றார் என்னைப் பார்க்காமல். "அஞ்சாவது தாளத்துல வரலேன்னா கொன்னுடுவேன்."

அடுத்த சனிக்கிழமை ஜிம் வாசலில் புது முகங்கள் மூன்று. ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அதில் ஒருத்தி மோர்டனிலிருந்து இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்த தாதி, தமிழ்ப் பெண். கடைப் பைக்குள் ட்ரம்பெட்டைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தொட்டதே இல்லையாம். எடுத்து ஒரு தரம் ஊதினாள். எங்கள் சத்தத்துக்குள் அது இடறாமல் போய் உட்கார்ந்தது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய ஜி என்றால் அவளும் திரும்பிப் போயிருப்பாள்.

"அக்கா, மழைக்கோட்டை எங்க வைக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

சுவரோரம் கொளுக்கியைக் காட்டினேன். பிறகு என் வரிசைக்குப் போய்த் தோளைத் தாழ்த்தி ஹார்னைத் தூக்கினேன்.