மிதந்த முட்டைகள்

அந்த வருஷம் ஆடி மாதம் முழுக்க எனக்கும் அம்மாவுக்கும் ஒரே கவலை, கோழி எப்போது அடைக்கு உட்காரும் என்பதுதான். அப்பாவுக்கு வாய்க்கால் தண்ணீர்க் கவலை. அவருக்கு எங்கள் கவலை தெரியாது.

கோடையில் வந்த கழிச்சலில் கோழிகள் எல்லாம் சுருண்டு விழுந்து, ஒரு சாம்பல் நிறப் பெட்டைதான் மிஞ்சியது. குத்தாலத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அக்காவுக்குத் தையில் தலைப்பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குக் கோழி அடித்துப் போட வேண்டுமென்றால் இப்போதே குஞ்சு பொரித்தாக வேண்டும். அதனால் பெட்டை இட்ட முட்டை ஒன்றைக்கூட அம்மா அடுப்புக்குக் கொடுக்கவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியான மூலையில் ஒரு சட்டி, சட்டி நிறையத் தவிடு, தவிட்டுக்குள் முட்டைகள், கூர்முனை கீழே இருக்கும்படி. இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று கூடவே ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் போட்டிருந்தாள்.

சாயங்காலம் முட்டைகளைத் திருப்பி வைப்பது என் வேலை. தண்ணீர் பட்டால் முட்டை கெட்டுவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து உள்ளங்கை எரியும். வெயில் காந்தினாலும் பயம், வானம் இருண்டாலும் பயம். பெட்டையோ அடைக்கு உட்காருகிற நினைப்பே இல்லாமல் குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்தது. நாள் கடந்தால் வைத்ததெல்லாம் கூமுட்டையாகிவிடுமே என்று எனக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். தண்ணீர் முறை விஷயத்தில் அவருக்கும் அப்பாவுக்கும் வெகுநாளாகப் பேச்சு இல்லை. தானாக வந்த அண்ணனைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மீன்காரம்மா அப்போதே போய்விட்டிருந்தாள். அப்பா உள்ளே பார்த்துச் சொன்னார்.

"அண்ணனுக்கு முட்டைக் கொழம்பு வச்சிடு. அதான் சட்டி நெறைய சேத்து வச்சிருக்கியே."

பெரியப்பா முன்னால் அப்பா பேச்சை அம்மா மறுத்து நான் பார்த்ததே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி மெதுவாக, "அதெல்லாம் கூமுட்டையாப் போச்சுங்க" என்றாள்.

அப்பா நம்பவில்லை. எல்லாமுமா என்று கேட்டார்.

"தண்ணியில போட்டுக் காட்டுறேங்க."

தண்ணீர் எடுக்கப் போன அம்மா வர நேரமாயிற்று. உள்ளே கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு பெரிய குண்டானில் தண்ணீரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். என்னைச் சட்டியை எடுத்துவரச் சொன்னாள். தண்ணீரே ஆகாது என்றவள் தன் கையாலேயே ஒவ்வொரு முட்டையாக உள்ளே விட்டாள். நல்ல முட்டை அடியில் படுக்கும், கூமுட்டை மிதக்கும். அது எனக்கும் தெரியும். விட்ட முட்டை எல்லாம் மிதந்தன.

பெரியப்பா குனிந்து ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தியது மறுபடியும் மேலே வந்தது. ஈர விரலால் மீசையைத் தடவி, உதட்டையும் துடைத்துக்கொண்டு, போனால் போகட்டும் என்று அப்பாவிடம் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன். அம்மா அவசரமாக முட்டைகளை எடுத்து, முந்தானையில் ஒற்றித் தவிட்டுக்குள்ளேயே வைத்தாள்.

"இந்தத் தண்ணிய மாட்டுக்கு வச்சிடாத, செடிக்கும் ஊத்தாத. தெருவோரமா ஊத்திட்டு வா" என்றாள். கூமுட்டைத் தண்ணீரில் விஷம் இருக்கும் என்று நினைத்து, மேலே படாமல் கொண்டுபோய் ஊற்றினேன்.

அடுத்த கவலை உடனே வந்தது. கத்திரிக்காய்க் குழம்பு கொதிக்கும்போது உப்புப் பானை காலி. கிண்ணத்தைக் கொடுத்துப் பக்கத்து வீட்டு அத்தையிடம் அனுப்பினாள். அத்தை அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"வெளக்கு வச்ச வீட்டுல உப்பு கேக்க வந்திருக்கா பாரு. உங்கம்மாவுக்கு இதுகூடவா தெரியாது? காலையில வாடி."

கடைக்காரரும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்பா முதல் கவளத்திலேயே அம்மாவை முறைத்தார். இத்தனை நாள் கழித்து வந்த அண்ணனுக்கு உப்பில்லாத சோறா போடுவது? கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்று நான் பெரியப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னொரு கரண்டிக் குழம்பும் கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பி மனைவியோடு அவர் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. கை கழுவ வெளியே வந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"கொழம்புல உப்பு சரியா இருந்துச்சுன்னு பெரியப்பா சொன்னாருன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

சில நாளில் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. அம்மா அதே முட்டைகளை எடுத்து வைத்தாள். கூமுட்டையை எதற்கு வைக்கிறாய் என்று கேட்டேன். வைத்துப் பார்ப்போமே என்றாள். சிலது பொரியவில்லை. மற்றதெல்லாம் கீச்கீச் என்று வெளியே வந்தன. பிடாரியம்மன் செய்த அதிசயம் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தையில் அக்கா கோழிக்குழம்பு சாப்பிட்டாள்.

எத்தனையோ வருஷம் கழித்து, போன சம்பாவுக்கு விதைநெல் தேர்ந்தெடுப்பது எப்படி என்று காட்ட, விவசாய ஆபீஸிலிருந்து ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. வாளித் தண்ணீரில் புது முட்டையைப் போட்டது. முட்டை அடியில் போய் உட்கார்ந்தது. முட்டை மேலே வருகிறவரை உப்பு கரைக்க வேண்டும், அதில் நெல்லைக் கொட்டினால் பதரெல்லாம் மிதந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அள்ளி அள்ளிக் கரைத்தது. முட்டை மெல்ல எழும்பி வந்தது. எல்லாரும் நெல்லைப் பார்த்தார்கள். கூட்டத்தில் வாய் திறந்து பேசத் தெரியாதவள் நான். முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அம்மாவும் உயிரோடு இல்லை, பெரியப்பாவும் இல்லை. உப்பே போடாத குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போன அவர்மேல் எனக்கு அந்த வயதில் ஒரே கோபம். அன்றைக்கு எங்கள் வீட்டில் பொய் சொன்னது அவர் ஒருத்தர்தான் என்று நினைத்திருந்தேன்.