எத்தனை ஜெபமாலைக்கு விளக்கு எரியும்?

ஐம்பதுகளில் ஒரு வருஷம், ராயபுரத்தில் எங்கள் தெரு மாதா சப்பரத்துக்கு லாரி பேட்டரியில் விளக்குப் போட்டோம். முந்தின வருஷம் கடற்காற்றில் கேஸ் லைட் அணைந்து, சப்பரம் பாதி வழி இருட்டில் வந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி பேசினார்கள். இந்தத் தடவை கோயில் வாசல்வரை விளக்கு அணையாது என்று எல்லாரிடமும் வாக்குக் கொடுத்திருந்தான் என் சிநேகிதன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். சப்பரம் சுமப்பவர்களுக்குத் தலைவன்.

"அறுவது அவருன்னு போட்டுகீது பாரு மாமு! ரெண்டு நாளு எரியும்," என்றான், பேட்டரி மேல் எழுதியிருந்ததைக் காட்டி.

போட்டிருந்தது வெறும் மணி இல்லை, அறுபது ஆம்பியர்-மணி. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, பழைய புத்தகங்களை வாங்கி மின்சாரம் படித்தவன் நான். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்னக் கோட்டின் மேல்தான் என் கண். ஆம்பியரையும் மணியையும் பெருக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஆம்பியரால் வகுத்தால் ஆம்பியர் அடிபட்டு மணி மட்டும் மிஞ்ச வேண்டுமே! பல்பில் பதினெட்டு வாட், ஆறு வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: ஒரு பல்புக்கு மூன்று. மாட்டியிருந்த பத்து பல்புக்கும் முப்பது. அறுபதை முப்பதால் வகுத்தேன். இரண்டே மணி.

"ஊர்வலம் எவ்ளோ நேரம்பா?"

"பன்னெண்டு தோளு."

"தோளுன்னா தூரமா, நேரமா?"

"இன்னா மாமு கேக்குற? பொம்பளைங்க ஒரு ஜெபமாலை சொல்லி முடிச்சா தோளு மாத்துவோம். அதான் ஒரு தோளு."

வீட்டில் மனைவி ஜெபமாலை சொல்லும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி. தோளை ஜெபமாலையாக்கி, ஜெபமாலையை மணியாக்கினால் மூன்று மணி. பத்து பல்பு தாங்காது. ஆறு போட்டால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். சிநேகிதன் முனகிக்கொண்டே நாலு பல்பைக் கழற்றினான்.

அலகு சரியாக வந்தால் கணக்குப் போன வழி சரி என்று தெரியும். பேட்டரி பழசு என்பதை எந்த அலகும் சொல்லாது. கடைசித் தோளில் பல்புகள் மங்கிச் சிவக்கத் தொடங்கின. அவன் சப்பரத்தின் கீழிருந்தபடியே, முன்னால் போன பெண்களைப் பார்த்துக் கத்தினான்:

"யக்கா! கொஞ்சம் வெரசா சொல்லுங்க, லைட்டு போய்க்கினு கீது!"

"மாதாவுக்கே அவசரமாடா?" என்று ஒருத்தி திட்டினாள். ஆனாலும் ஜெபம் ஓட்டம் பிடித்தது. கால்களும் கூடவே ஓடின. கோயில் வாசலில் சப்பரம் இறங்கியபோது மாதாவின் முகத்தில் பீடி நெருப்பளவு வெளிச்சம் மிச்சமிருந்தது.

"எரியுதா இல்லியா?" என்றான், தோளைத் தேய்த்துக்கொண்டே.