இறக்கை கழலாத விண்கப்பல்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன்; பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் முழ நீளத்தில் சாம்பல் நிற விண்கப்பல் ஒன்று நிற்கிறது. வருகிறவர்கள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். அது என் அக்காள் கணவருடையது. அத்தானைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

அத்தான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் செய்யும் இந்த விண்கப்பலைப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார். அதில் பிடித்த பைத்தியம். நிலாவில் ஓடும் வண்டி, எட்டுக்கால் இயந்திரம் என்று வெளியூர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி வாங்கிச் சேர்த்தார். எதையும் கட்டியபடியே விட்டுவைக்க மாட்டார். டிசம்பரில் கட்டி, கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி நிறுத்துவார். குழந்தை இயேசுவைப் பார்க்க ஒட்டகத்தில் வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் ஜனவரி ஆறாம் தேதி முடிந்து, குடிலைப் பிரிக்கும் முன்பு, எல்லாவற்றையும் கட்டை கட்டையாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவார். "கழத்தத் தெரிஞ்சாத்தான் மாப்ள அது நம்ம கப்பலு" என்பார். "ராஜாமாரு ஒட்டகத்த வித்துட்டு ராக்கெட்ல வந்துட்டாவளோ" என்று அக்கா கேலி செய்வாள். "ஒட்டகத்துக்குக் காட்ட நம்மூர்ல தண்ணி எங்கட்டி இருக்கு?" என்று அவர் திருப்பிக் கொடுப்பார்.

பிறகு அவர் விரல்களுக்கு நரம்பு நோய் வந்தது. பலம் குறைந்துகொண்டேதான் போகும், மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலைக் கட்டிக் கழற்ற முடிகிறவரை கை இருக்கிறது என்று அத்தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். அக்கா எண்ணெய்ப் பாட்டில் மூடியை முன்னாலேயே தளர்த்தி வைத்துவிட்டு, "பாத்தீங்களா, நீங்களே தொறந்துட்டீங்க" என்பாள். ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அந்த வருடம் டிசம்பர் முழுதும் பாடுபட்டுக் கட்டி முடித்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் காய்ச்சல் கண்டு, நான் அவரைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டியது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சரக்கு ரயில் போன அதிர்வில் கப்பல் கீழே விழுந்து உடைந்திருக்கிறது. இனி அவரால் கட்ட முடியாது என்று அக்கா பயந்துபோனாள். பெட்டியோடு வந்த படப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, மறுபடி சிதறாமலிருக்க, செருப்பு ஒட்டும் பசையைக் கட்டைக்குக் கட்டை தடவி ஒட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அத்தான், திருநாள் முடிந்த சாயங்காலம் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு இறக்கையை இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார்.

"வரமாட்டேங்கு" என்றார் மெதுவாக.

அக்கா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். "ஏங்க, விழுந்து ஒடஞ்சிட்டுன்னு நாந்தான் பசையப் போட்டு ஒட்டிட்டேன்!"

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "மூடியத் தளத்தி வச்சவதானட்டி நீ."

"மாதா மேல சத்தியமாங்க. வேணும்னா தம்பியக் கழத்தச் சொல்லுங்க."

நான் வாங்கி என் பலம் கொண்டமட்டும் இழுத்தேன். அசையவில்லை. "நல்லா நடிக்கே மாப்ள" என்றார். நிலா வண்டியைக் கொண்டுவந்து, "இதுல பசை இல்ல அத்தான், கழத்திப் பாருங்க" என்று நீட்டினேன். அதன்மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"இதையும் தளத்தித்தான வச்சிருப்பிய."

அதன்பிறகு அவர் எந்தக் கட்டையையும் தொடவில்லை. கடைசியில் சோறுகூட அக்காதான் ஊட்டினாள். அன்றைக்கு அந்த விரல்களில் எவ்வளவு பலம் மிச்சம் இருந்தது என்பது அவருக்கே தெரியாமல் போயிற்று. அவர் போன பிறகு, பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்று அக்கா கப்பலை என்னிடம் கொடுத்துவிட்டாள். தூசி துடைக்கும்போதெல்லாம் இறக்கையை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன். கட்டைகளின் இடுக்கில் பசை காய்ந்து இறுகிக் கிடக்கிறது. கழல்வதில்லை.

அத்தான் இறக்கையை இழுத்துப் பார்த்ததற்கு மறுநாள், கப்பல் கழலாமலே, அக்கா குடிலைப் பிரித்தாள். அதில் பரப்பியிருந்த வைக்கோலைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள்.