வெள்ளிக் கை வீசி

மாலையில் அம்மா வேலை முடிந்து வரும்போது அவளுடைய கைகள் முழங்கை வரை வெள்ளியாக மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வெடிமருந்துப் பொடி வாடையோடுதான் எனக்குச் சோறு பிசைந்து தருவாள். விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் "கம்பெனி" ஒன்றில் அவளுக்கு வேலை. எங்கள் தெருவில் பாதி அம்மாக்களுக்கும் அங்கேதான்.

அந்த வயதில் செய்யுள் என்றாலே எனக்கு வேப்பங்காய். பலசரக்குக் கடைக்காரர் மகள் நூர்ஜகான் அக்கா, பிளஸ் டூ படித்துக்கொண்டே எங்களுக்கு "டியூஷன்" எடுத்தவள், மிட்டாய் காட்டியும் காதைத் திருகியும் பார்த்துவிட்டு, "கழுதைக்குத் தெரியுமாலே கற்பூர வாசம்?" என்று சலித்துக்கொள்வாள்.

கால் பரீட்சை லீவு, தீபாவளி "சீசன்" வேறு. ஒரு மத்தியானம் டியூஷனில் இருந்தபோது ஜன்னல் அதிர ஒரு சத்தம், மேற்கே புகை. "சத்தம் கேட்டா புகை பக்கம் ஓடாதீக, வண்டி வார பக்கம் நில்லுங்க" என்று வீட்டுக்கு வீடு எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கம்பெனி வண்டி வந்து நிற்கும் முக்கில் அக்கா எங்களை நிறுத்தினாள். எல்லோரும் அழுதோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீகலே. உங்க அம்மாக்க எப்படி வருவாகன்னு ஆளுக்கு ஒரு வரி பாடுங்க. பாட்டு முடியுமுன்ன வந்திருவாக" என்றவள் தானே தொடங்கினாள்: "முக்கு ரோட்டுல தூசி பறக்கும்."

"தூக்குச்சட்டி சத்தம் கேக்கும்" என்றான் ஒருவன்.

என் வாயில் எங்கிருந்தோ வந்தது: "வெள்ளிக் கை வீசி எங்கம்மா வருவா."

"இன்னொருக்கச் சொல்லு" என்றாள் அக்கா. சொன்னேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் இன்னும் சொல்ல வேண்டும் போலிருந்தது. முறை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாடினோம். பக்கத்து வீட்டுச் செல்வி, "காயப்போட்ட துணி காயுமுன்ன வந்திருவா" என்றாள். அடுத்தது என் முறை. அதற்குள் ஹாரன் கேட்டுவிட்டது.

அம்மா இறங்கினாள். அவள் கட்டிக்கொண்டதில் என் கன்னமெல்லாம் வெள்ளி. செல்வியின் அம்மா இறங்கவில்லை. வெடித்தது அவள் வேலை பார்த்த அறை. வண்டி காலியான பிறகும் செல்வி படிக்கட்டுக் கம்பியை விடவில்லை.

அதற்குப் பிறகு நாங்களாகவே போய், "செய்யுள் பாட்டு எடுங்கக்கா" என்று கேட்டோம். செல்வியும் வந்து உட்காருவாள். துணி என்ற சொல் வரும் பாட்டை மட்டும் அக்கா எடுக்கவே மாட்டாள்.

இன்று அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் குடோன். நூர்ஜகான் அக்கா காரியாபட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். வேலையை விட்ட அம்மாவின் கைகளில் வெள்ளி இல்லை. நான் கவிதை எழுதுகிறேன். நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். ஆனால் செல்வியின் வரிக்கு அடுத்த வரி என்னுடையது. அதை நான் இன்னும் சொல்லவில்லை.