எழுபத்தைந்தை அறுபத்தொன்றாக்கியவன்

நீர்ப்பாசன அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரனை ஆறு வருடமாகக் கூடப்பிறந்தவனைப் போல நம்பியிருந்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு எடுத்தபோது என் பாஸ்வேர்டைக்கூட அவனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். என்ன மடத்தனம்!

மாரியில் வாவியின் நீர்மட்டம் எழுபது சென்ரிமீற்றரைத் தாண்டினால், முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். இல்லையென்றால் தாழ்ந்த வயல்வெளிகளான வட்டைகள் மூழ்கும். அளவு பார்ப்பவர் குறுஞ்செய்தியில் அனுப்பும் எண்ணை வாசித்து எச்சரிக்கும் சிறு கணினி நிரல், ஷெல் ஸ்கிரிப்ட், என்னுடையது. அவர் எப்போதும் மூன்று இலக்கமாக, 075 என்றுதான் அனுப்புவார். அதனால் அந்த எண்ணை வைத்திருக்கும் மாறிக்கு வேண்டுமென்றே வகை அறிவிக்காமல், பத்தின் அடியில் வாசிக்கும்படி எழுதியிருந்தேன். காரணத்தை அவனுக்கும் சொல்லியிருக்கிறேன்.

நான் இல்லாத நேரம், ஸ்கிரிப்டை அழகாக்குகிறேன் என்று அவன் என் வரியை வெட்டிவிட்டு ‘declare -i’ போட்டு அந்த மாறியை முழு எண்ணாக்கிவிட்டான். அப்படி அறிவித்த மாறியில் பூச்சியத்தில் தொடங்கும் எண் விழுந்தால் ஷெல் அதை எட்டின் அடியில் எண்ணும். ஏழு எட்டு ஐம்பத்தாறு, அதோடு ஐந்து என்று 075 அறுபத்தொன்றாகிவிடும். பிழை என்று ஒரு சொல் சொல்லாது, பாழாய்ப்போனது.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று அக்காவின் கணவர் எனக்குப் போன் எடுத்தார்.

“மச்சான், தண்ணி ஏறுற மாதிரிக் கிடக்கு. முகத்துவாரத்த வெட்டச் சொல்லி நாங்க போய்க் கேக்கட்டா?”

திரையைப் பார்த்தேன். “அறுபத்தொண்டுதான் மச்சான். பயப்படாம இரிங்க.”

வந்த குறுஞ்செய்தியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. என் ஸ்கிரிப்ட் அல்லவா! மறுநாள் அவருடைய மூன்று ஏக்கரும், கதிர் தள்ளுகிற நேரத்தில், தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

விசாரணையில் மேலதிகாரி, “மாத்தினது ஆர்?” என்று கேட்டார். என் அருமை நண்பன் மேசையைப் பார்த்தபடி, “பதிவில அவன்ட பேர்தான் சேர் இரிக்கி” என்றான்.

என் பாஸ்வேர்டால் புகுந்தல்லவா மாற்றியிருக்கிறான்! நான் லீவில் இருந்தேன் என்றேன். “வீட்டில இருந்தும் செய்யலாம்தானே, சேர்” என்றான்.

வெளியே வந்து, “ஏன்டா இப்பிடிச் செஞ்ச?” என்றேன்.

“எனக்குப் புள்ளைகள் இரிக்கிடா.”

எனக்கு மட்டும் இல்லையா?

அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போய், பூச்சியம், பாஸ்வேர்ட், அவன் செய்த துரோகம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். முடிந்ததும் மச்சான் எழுந்தார்.

“அவன எனக்குத் தெரியா, மச்சான். நான் உன்னத்தானே நம்பின.”